துடைத்துக் கொடுத்த வாட்ச்

என் பீரோவில் இருக்கிற கால்குலேட்டர் வாட்சுகளில் ஒன்றுகூட ஓடாது. ஓடவிடாமல் வைத்திருப்பவன் நான்தான். பழைய வாட்ச் சேர்க்கிறவர்களுக்கு முதல் பாடமே அது. வாட்ச் கைக்கு வந்ததும் பின்மூடியைத் திறந்து பேட்டரியை எடுத்துவிட வேண்டும். தீர்ந்த பேட்டரியை உள்ளே விட்டுவைத்தால் கசிந்து, உள்ளே ஓடும் மெல்லிய செம்புக் கோடுகளை அரித்துவிடும். பிறகு பட்டன் இடுக்கில் இருக்கும் அழுக்கைப் பழைய பல் பிரஷ்ஷால் ஸ்பிரிட் தொட்டு எடுக்க வேண்டும். துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, சூடு படாத இடத்தில் வைக்க வேண்டும். சூடு படாத இடம் என்று ஒன்று எங்கள் ஊரில் ஏது? சித்திரையில் மலை காய்ந்தால் இருட்டிய பிறகும் சுவர் கொதிக்கும். அந்தச் சூட்டில் எண் தெரிகிற கண்ணாடி, மை கொட்டினது போலக் கறுத்துப்போகும். அப்படிச் சிலவற்றை இழந்த பிறகுதான் பீரோவின் கீழ்த்தட்டுக்கு எல்லாவற்றையும் மாற்றினேன்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது இந்த வாட்சுகள் சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் கையில்தான் இருக்கும். நேரம் காட்டும் கண்ணாடிக்குக் கீழே மிளகு அளவில் வரிசையாகப் பட்டன்கள். எங்கள் வகுப்பில் ஒருத்தன் கட்டிக்கொண்டு வந்தான். ஒரு தடவை அமுக்கிப் பார்க்க அவன் பையை நான் ஒரு வாரம் தூக்கினேன். எனக்கு வேலை கிடைத்து வாங்குகிற நிலைமை வந்தபோது அதை யாரும் கட்டுவதில்லை, செல்போன் வந்துவிட்டது. பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் கடை விரிக்கிறவர்கள் ருத்ராட்சத்துக்கும் பித்தளை விளக்குக்கும் நடுவில் இவற்றைக் குப்பையாகக் குவித்து வைத்திருந்தார்கள். ஊரே அண்ணாமலையாரைச் சுற்றும். நான் அந்தத் தார்ப்பாய்க் கடைகளைச் சுற்றினேன்.

என் மனைவிக்கு இது பொறுக்காது. "நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்ல"ன்னு சொல்லுவாள். பீரோவைத் திறந்து துணிமூட்டைகளைப் பார்த்தால் இன்னும் ஏறும். ஓடாத வாட்ச்சு எதுக்கு, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமா என்று கேட்பாள். எனக்குக் கோபம் வரும். பீரோவைச் சாத்திவிட்டு வெளியே போய்விடுவேன்.

அவள் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் சின்னதாக ஒரு டிபன் கடை நடத்தினாள். நான் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் உட்கார்ந்து ஃபைல் தள்ளிக்கொண்டிருந்தேன். அவள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள், மீதி வடக்கத்திக்காரர்கள். ஒரே மேஜையில் ஆறு பேர் உட்கார்ந்து சிரித்துப் பேசிச் சாப்பிடுவார்கள். எழுந்ததும் ஆளுக்கொரு பில் கேட்பார்கள். நம்ம ஊரில் ஆறு பேர் சாப்பிட்டால் நான் தரேன், நீ சும்மா இரு என்று அடிதடியாகும். இவர்கள் ஆளாளுக்குத் தன் இட்லியை மட்டும் கணக்குப் பண்ணிக் கேட்டால் அவள் என்ன செய்வாள்? செல்போனை மாவுக் கையோடு தொட முடியவில்லை. ஒரு நாள் காலையில் என் பீரோவைத் திறந்து, இருப்பதிலேயே மட்டமான ஒன்றை எடுத்து, "இதுக்கு உயிர் குடுங்க"ன்னு நீட்டினாள். கண்ணாடியில் கீறல் விழுந்த வாட்ச். போனால் போகிறதென்று பேட்டரி போட்டுக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் அது அவள் இடது கையை விட்டு இறங்கவே இல்லை. அவள் மணிக்கட்டு மெலிசு, வார் தொளதொளவென்று இருந்தது. ஆணியை அடுப்பில் காய்ச்சித் தானே ஒரு ஓட்டை போட்டுக்கொண்டாள். பட்டன் அமுக்குவதற்கென்றே வலது சுண்டுவிரலில் நகத்தைக் கொஞ்சம் விட்டு வைத்தாள். சாம்பார் கொதிக்கும்போது ஒரு கையில் கரண்டி, அந்தக் கைச் சுண்டுவிரலாலேயே கணக்கு. விலையெல்லாம் அஞ்சிலும் பூஜ்யத்திலும் முடிகிறவை என்பதால் அந்த இரண்டு பட்டன்களில் எழுத்தே தேய்ந்து போய்விட்டது. இடுக்கெல்லாம் மஞ்சள், அரிசி மாவு, எண்ணெய்ப் பிசுக்கு. பார்க்கப் பார்க்க எனக்குக் கை பரபரக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடு, சுத்தம் பண்ணித் தருகிறேன் என்று கெஞ்சியிருக்கிறேன்.

"உங்க பீரோவுல போட்டுப் பூட்டறதுக்கா? இது வேலை செய்யற வாட்ச்சு. கிட்ட வராதீங்க" என்றாள்.

அந்த வாட்ச்சில் அலாரம் உண்டு. எனக்கு பிபி வந்து டாக்டர் தினமும் காலையில் மாத்திரை போடச் சொன்ன அன்று, அவள் அதில் ஒன்பதரைக்கு அலாரம் வைத்தாள். கடையில் காலைக் கூட்டம் கொஞ்சம் கம்மியாகிற நேரம் அது. வாட்ச் கீச்கீச்சென்று கத்தும். உடனே எனக்குப் போன் வரும். "மாத்திர போட்டாச்சா?" என்பாள். "ஆச்சு" என்பேன். வைத்துவிடுவாள். வேறு ஒரு வார்த்தை இருக்காது. பாதி நாள் நான் பொய் சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகுதான் சட்டைப் பையில் கையை விடுவேன். ஆபீஸில் அந்த நேரத்துக்கு என் போன் அடித்தால், சார் வீட்டு அலாரம் என்று கிண்டல் பண்ணுவார்கள். வருஷக்கணக்காக, லீவு நாள் தவிர, இது தவறினதே இல்லை.

ஒரு நாள் ஒன்பதரைக்குப் போன் வரவில்லை. கார்த்திகை தீபம் முடிந்தும் ஊரில் கூட்டம் குறையாத சமயம். கடையில் ஆள் ஜாஸ்தி போல என்று நினைத்துக்கொண்டேன். மாத்திரையை மறந்தும் போனேன். பத்து மணிக்கு மேல் போன் வந்தது. அவள் நம்பர்தான், பேசியது பக்கத்துக் கடைக்காரர். அவள் அடுப்படியிலேயே மயங்கி விழுந்துவிட்டாளாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ஒரு தலைவலி மாத்திரைகூடப் போடாதவள். மாத்திரையை நம்பிப் பிழைக்கிறவன் கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறேன். போட்டாச்சா என்று கேட்டவள் போய்விட்டாள். இதில் என்ன நியாயம் இருக்கிறது? ஆஸ்பத்திரியில் அவள் மேல் இருந்தவற்றைக் கழற்றி ஒரு பாலிதீன் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். தாலி, தோடு, மெட்டி, இந்த வாட்ச்.

தாலியை மகள் எடுத்து உள்ளே வைத்தாள். வாட்ச் இருந்த கவர் சமையலறை அலமாரியில் கிடந்தது. காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் கிளம்பி, மகளும் சென்னையில் தன் வேலைக்குத் திரும்பிப் போன மறுநாள் காலையில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாள் வீட்டுச் சந்தடியில் காதில் விழாத கீச்கீச் சத்தம் அலமாரியிலிருந்து வந்தது. என் வாய் தன்னால் "ஆச்சு" என்றது. சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்புறம் எழுந்துபோய் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து அழுதேன். செத்த வீட்டில் வராத அழுகை எல்லாம் அன்றைக்குத்தான் வந்தது.

அப்போதிருந்து அதுதான் எனக்கு நாள். அந்த மாதத்தோடு ரிட்டயர் ஆகிவிட்டேன், கடையை மூடிவிட்டோம், வேறு என்ன இருக்கிறது? ஒன்பதரைக்கு அது கேட்கும், நான் பதில் சொல்வேன். அவள் கை வைத்த அலாரம். அவள்தான் கேட்கிறாள் என்று எனக்குள் ஒரு பைத்தியக்காரத்தனம். வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. இந்த வயதில் ஒரு ஆம்பிளை வாட்ச்சோடு பேசுகிறான் என்று தெரிந்தால் டாக்டரிடம்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அழுக்கைத் துடைக்கவில்லை. என் ஆயுசில் துடைக்காமல் விட்ட வாட்ச் அது ஒன்றுதான்.

ஒரு வருஷம் ஓடியது. ஒரு நாள் அது கத்தும்போது கண்ணாடியைப் பார்த்தேன். எண்கள் மங்கி, சத்தம் நின்றதும் திரும்பி வந்தன. பழைய வாட்ச் பார்க்கிறவனுக்கு அதன் அர்த்தம் தெரியும்: பேட்டரி கடைசி மூச்சில் இருக்கிறது. மாற்றுவது பெரிய வேலை இல்லை, கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். ஆனால் பழசை எடுத்த நொடியில் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். புதுசு போட்ட பிறகு, உள்ளே இருக்கிற ஒரு புள்ளியை இடுக்கி முனையால் தொட்டு ரீசெட் பண்ண வேண்டும். வாட்ச் அப்போதுதான் பிறந்தது போலப் பன்னிரண்டு மணியிலிருந்து தொடங்கும். அவள் வைத்த ஒன்பதரை இருக்காது. பழைய பேட்டரியை எடுப்பதற்கு முன்பே வெளியிலிருந்து இரண்டு ஒயரில் கரன்ட் கொடுத்துக்கொண்டு மாற்றுகிற வழி ஒன்று உண்டு. பீரோவில் இருந்த வாட்ச் ஒன்றுக்கு உயிர் கொடுத்து, ஒரு மணிக்கு அலாரம் வைத்து, அதில் முயன்று பார்த்தேன். ஒயர் நழுவி எல்லாம் அழிந்தது. மறுபடி மறுபடி செய்தேன். ஒரு தடவைகூடச் சரியாக வரவில்லை. அவள் வாட்ச்சைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. நின்றுபோகிற அன்றைக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டேனே தவிர, தினமும் ஒன்பது மணிக்கே அலமாரி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன்.

அந்த வாரக்கடைசியில் மகள் வந்திருந்தாள். நான் வாட்ச்சையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து என்ன என்று கேட்டாள். இது நின்னுடும் போல இருக்கும்மா என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மீதியைச் சொல்லியிருக்கலாம்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்குச் சத்தம் இல்லை. முடிந்தது என்று நினைத்து அலமாரியைத் திறந்தால் வாட்ச்சே இல்லை. வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். அரிசி டின்னில்கூடக் கையை விட்டேன். மகளுக்குப் போன் பண்ணினால், தெரியாமல் தன் பையில் வந்துவிட்டது, சனிக்கிழமை கொண்டுவருகிறேன் என்றாள். கத்தினேன். அப்புறம் சமாதானமானேன். நின்றுபோகவில்லை, சென்னையில்தான் இருக்கிறது. அந்த வாரம் முழுக்க ஒன்பதரைக்கு, மகள் பைக்குள் அது கத்தும் என்று நினைத்து, இங்கிருந்தே "ஆச்சு" சொன்னேன். மாத்திரையும் போட்டேன்.

சனிக்கிழமை மகளோடு ஆரணியில் இருக்கும் என் நண்பர் ஒருவரும் வந்து இறங்கினார். அவரும் என்னைப் போல வாட்ச் பைத்தியம். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். என்னைவிட வயதில் சின்னவர், கை அவ்வளவு நேர்த்தி. என் மனைவி காரியத்துக்கு வந்து மூன்று நாள் கூடவே இருந்து, பந்தல் பிரிக்கிற வரை போகாத மனுஷன். மகள் சிரித்துக்கொண்டே ஒரு சின்னப் பெட்டியை என் கையில் வைத்தாள். பையில் வந்ததாகச் சொன்னது சும்மா, போன ஞாயிற்றுக்கிழமை போகிற வழியில் ஆரணியில் இறங்கி இவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன் என்றாள்.

பெட்டியைத் திறந்தேன். கடையில் வாங்கினது மாதிரி பளபளவென்று ஒரு வாட்ச். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. பட்டன் இடுக்கில் ஒரு துளி மஞ்சள் இல்லை. அஞ்சும் பூஜ்யமும் பளிச்சென்று தெரிந்தன. வார் புதுசு.

"அண்ணியோட வாட்ச்சாச்சேண்ணா, ஏனோதானோன்னு செய்வனா? எங்கிட்ட இதே மாடல் ஒண்ணு இருந்திச்சே, அதப் பிரிச்சுத்தான் பட்டன் போட்டேன்" என்றார்.

அந்த வாட்ச் எனக்குத் தெரியும். ஒரு கீறல்கூட இல்லாததாக வேண்டும் என்று அவர் பத்து வருஷம் தேடி வாங்கியது. நான் எத்தனையோ தடவை கேட்டும் தராதது. அதை உடைத்து இதற்குப் போட்டிருக்கிறார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நான் எப்படிக் கோபப்படுவது? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை எல்லோருக்கும் தெரியும். குரங்கையே வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தவன் கையில் பிள்ளையாரைப் பிடித்துக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"பழைய வார் எங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"அது பிசுபிசுன்னு உருகிப் போயிருந்திச்சுண்ணா. அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டேன். குப்பைய வெச்சிக்கினு இன்னா பண்ண?"

ஆணியைக் காய்ச்சி அவள் போட்ட ஓட்டை அதில்தான் இருந்தது. மகள் காபி போட உள்ளே போனாள். நான் வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு, நல்லா இருக்குது, ரொம்ப நல்லா இருக்குது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அந்த வாரமே ஆரணிக்குப் போனேன். வாட்ச் சேர்க்கிற எங்கள் ஆட்கள் வாரைத் தூக்கிப் போட்டாலும் பட்டனைத் தூக்கிப் போட மாட்டார்கள்; எதற்காவது ஆகும் என்று எடுத்து வைப்பார்கள். கழற்றினது எங்கே என்று சும்மா விசாரிப்பது போலக் கேட்டேன். அவர் ஒரு பிஸ்கட் டின்னை என் முன்னால் கவிழ்த்தார். பழைய பட்டன் தகடுகள் பொலபொலவென்று கொட்டின. எல்லாவற்றையும் ஸ்பிரிட்டில் கழுவித்தான் போட்டு வைப்பாராம். பார்த்த மாத்திரத்தில் அவளுடையது தெரிந்துவிடும் என்று நம்பித்தான் பஸ் ஏறினேன். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அஞ்சும் பூஜ்யமும் தேய்ந்தவை நிறைய இருந்தன. எந்த ஊரில் எந்தக் கடையில் யார் யாரோ தேய்த்தவை. எது அவள் நகம் பட்டது என்று எனக்குத் தெரியவில்லை. மூக்கில் வைத்துக்கூடப் பார்த்தேன், ஸ்பிரிட் வாசனைதான் வந்தது. இத்தனை வருஷம் வாட்ச் வாட்ச் என்று அலைந்தவன், கட்டினவள் தொட்டதை அடையாளம் கண்டுபிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, அவர் ஒரு கஸ்டமரோடு பேசிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் திரும்ப டின்னில் அள்ளிப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் வாட்ச் அலமாரியில் அதே இடத்தில் இருந்தது. நேரம் அச்சுப் பிசகாமல் காட்டியது, ஆனால் ஒன்பதரைக்கு வாய் திறக்கவில்லை. மாத்திரை போடுவது விட்டுப்போயிற்று. வேண்டுமென்று விடவில்லை, ஆனால் மறதி என்றும் சொல்ல மாட்டேன். மத்தியானம் ஞாபகம் வரும், இனிமேல் எதற்கு என்று இருந்துவிடுவேன்.

இன்று காலையில் மனசைத் திடப்படுத்திக்கொண்டு உட்கார்ந்து, அந்தப் புதுப் பட்டன்களை அமுக்கி நானே ஒன்பதரைக்கு அலாரம் வைத்தேன். மாத்திரை அட்டையையும் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நேரத்துக்குக் கத்தியது. புதுப் பேட்டரி, கணீரென்ற சத்தம். வாயைத் திறந்தேன், "ஆச்சு" வரவில்லை. கேட்டதும் நான்தான், பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். எனக்கு நானே என்னத்தைச் சொல்வது? கொஞ்ச நேரம் கத்திவிட்டுத் தானாக ஓய்ந்தது.

ஓய்ந்த சூட்டோடு போன் அடித்தது.

ஆபீஸ் நாட்களில் அடித்தது போலவே, அலாரம் நின்ற கையோடு. பெயரைக்கூடப் பார்க்கவில்லை. பாய்ந்து எடுத்துக் காதில் வைத்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்து நின்றது. மகள்தான். ரயிலில் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தாள், கூட்டத்தின் இரைச்சல் கேட்டது.

"அப்பா, வாட்ச் நல்லா ஓடுதாப்பா?"

"ஓடுதும்மா" என்றேன்.

சரிப்பா என்று வைத்துவிட்டாள். மாத்திரை அட்டை பக்கத்தில்தான் கிடக்கிறது. இன்னும் போடவில்லை.